ஆயிரம் அடி போட்டும் புகைதான்: வட ஆற்காட்டுப் பாறையும் நிலத்தடி நீரும்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் ஆழ்துளைக் கிணறு, அதாவது போர் போடக் கிளம்புகிறவர் முதலில் கேட்பது, "எத்தனை அடியில தண்ணி வரும்?" என்றுதான். கீழே ஏதோ ஓர் ஆழத்தில் தண்ணீர் பரவிக் கிடக்கிறது, அதைத் தொடும்வரை துளைத்தால் போதும் என்ற நினைப்பில் வரும் கேள்வி இது. காவிரி டெல்டாவில் இந்த நினைப்பு ஓரளவு சரி. இந்த மாவட்டங்கள் அடங்கிய பழைய வட ஆற்காட்டின் பெரும்பகுதியில் சரியில்லை. இங்கே கேட்க வேண்டியவை வேறு இரண்டு: கெட்டிப் பாறைக்கு மேலே எத்தனை அடி சிதைந்த பாறை இருக்கிறது? அதற்குள் வருஷத்துக்கு எவ்வளவு மழை இறங்குகிறது? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்தால் 300 அடியில் நிறுத்துவதா, 1,000 அடிக்குப் போவதா என்பதைத் துளைபோடும் லாரிக்காரர் சொல்லிக் கேட்க வேண்டியதில்லை.

கேடயமும் படுகையும்

ஒரு கண்டத்தின் அடித்தளத்தை நிலவியலார் முதலில் இரண்டாகப் பிரித்துப் பார்ப்பார்கள். ஒன்று கேடயம். உருகி, உறைந்து, அழுத்தத்தில் நசுங்கி, கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பெரிய அசைவில்லாமல் கிடக்கும் பழம்பாறை இது. இன்னொன்று படுகை. நிலம் தாழ்ந்த இடத்தில் ஆறும் கடலும் கொண்டுவந்து கொட்டிய மணலும் களியும் அடுக்கடுக்காகப் படிந்த பகுதி.

படுகையில் மணற்பாறை இருந்தால் துகள்களுக்கு இடையில் நீர் தங்கும். ஆஸ்திரேலியாவின் பெரும் ஆர்டீசியப் படுகை அப்படிப்பட்டது. பரப்பு ஏறக்குறைய 17 லட்சம் சதுர கிலோமீட்டர், அதாவது அந்தக் கண்டத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். அங்கே பல இடங்களில் துளைபோட்டால் மோட்டார் இல்லாமலே தண்ணீர் மேலே வரும். நம் பக்கத்து உதாரணம் நெய்வேலி. பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீரை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் அங்கே சுரங்கம் வெட்ட முடியும்.

வேலூர் இருப்பது கேடயத்தின் மேல். இந்தியாவும் அண்டார்டிகாவும் ஏறக்குறைய 13 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரியத் தொடங்கியபோது கிழக்கு ஓரம் தாழ்ந்து படுகைகள் உண்டாயின. அந்தக் காலப் படிவுகள் ஸ்ரீபெரும்புதூர், சத்தியவேடு பக்கம் தெரிகின்றன. அரக்கோணம் தாண்டிக் கிழக்கே போகப் போகத்தான் அந்தக் கதை. மேற்கே வாலாஜா, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, திருப்பத்தூர் வரை காலுக்குக் கீழே இருப்பது பெரும்பாலும் 250 கோடி ஆண்டுப் பழமையுள்ள நைஸ் பாறையும் சார்னோக்கைட்டும்தான்.

நைஸ் என்பது வெளிர், கறுப்பு வரிகள் மாறிமாறி ஓடும் பாறை. சார்னோக்கைட் கருநீலமும் பச்சையும் கலந்த, எண்ணெய் தடவியதுபோல் மினுக்கும் கருங்கல். பல்லாவரத்துக் கல்லில் இந்தப் பாறையை ஆராய்ந்த நிலவியலார் தாமஸ் ஹாலண்ட், கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல்லும் இதே கல்தான் என்பதால் அவர் பெயரையே வைத்தார். இந்த இரண்டையும் ஊடுருவி ஆங்காங்கே, பாறைக்குழம்பு வெடிப்பில் ஏறி உறைந்த டோலரைட் சுவர்கள் நிற்கின்றன. நிலத்தில் நேர்கோட்டில் கறுப்பு உருண்டைக் கற்கள் வரிசையாகக் கிடந்தால் அது அநேகமாக ஒரு டோலரைட் சுவரின் தலை. ஏலகிரி மலையில் சியெனைட் (syenite) பாறை, சேவாத்தூர் பக்கம் கார்பனடைட் பாறை என்று 70 கோடி ஆண்டுகளுக்கு மேல் வயதான தனி ரகங்களும் உண்டு. கனிமம் தேடுகிறவருக்கு அவை பொக்கிஷம். கிணறு வெட்டுகிறவருக்கு அவையும் கெட்டிப் பாறைதான்.

தண்ணீர் தங்கும் இடம்

கெட்டிப் பாறைக்கு உறிஞ்சும் குணம் கிடையாது. ஆட்டுக்கல்லில் ராத்திரி முழுக்கத் தண்ணீர் ஊற்றி வைத்தாலும் காலையில் அளவு குறையாது. அந்தக் கல்லும் இதே குடும்பம்தான். ஆனால் மழையும் வெயிலும் வேர்களும் லட்சக்கணக்கான ஆண்டுகள் மேலிருந்து வேலை செய்ததில் பாறையின் மேற்பகுதி உதிர்ந்துபோயிருக்கிறது. மேலே செம்மண், அதன் கீழே சரளை கலந்த முரம்பு, அதற்கும் கீழே பாறை மாதிரித் தெரிந்தாலும் கடப்பாரைக்கு உடையும் சிதைந்த பாறை. பிறகு வெடிப்புவிட்ட பாறை, கடைசியில் வெடிப்பே இல்லாத கருங்கல். கிணறு வெட்டும் கோஷ்டி கடப்பாரையை விட்டு வெடிக்குப் போகும் இடம்தான் சிதைந்த பாறையின் அடி. ஊருக்கு ஊர், ஏன் வயலுக்கு வயல், இந்த ஆழம் மாறும். மலையடியில் பத்தடிகூட இருக்காது. பள்ளத்தாக்கின் நடுவில் 60, 70 அடிவரை போகலாம்.

சிதைந்த பாறையில் எவ்வளவு நீர் நிற்கும்? நாடு முழுக்க நிலத்தடி நீரை மதிப்பிட 1997-ல் வகுத்த வழிமுறையில் இதற்கு அளவுகள் உண்டு. களி குறைந்த சிதைந்த நைஸ் தன் கன அளவில் 3 சதவீத நீரைத் தரும். களி மிகுந்தது 1.5 சதவீதம். வெடிப்பு குறைந்த கெட்டிப் பாறை 0.3 சதவீதம். ஆற்று மணல் என்றால் 16 சதவீதம்.

இதை ஒரு ஏக்கருக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். அதில் 50 அடி கனத்துக்கு நீர் நிறைந்த சிதைந்த பாறை இருந்தால், இறைத்தெடுக்கக் கூடியது 9 லட்சம் முதல் 18 லட்சம் லிட்டர்வரை. அதே ஏக்கரில் 50 அடி கெட்டிப் பாறை தருவது 2 லட்சம் லிட்டருக்கும் குறைவு. அடியில் இன்னும் 500 அடி துளைத்தாலும் நிலைமை அவ்வளவாக மாறாது. ஆழம் போகப் போக மேலிருக்கும் பாறையின் பாரம் வெடிப்புகளை இறுக்கிவிடுகிறது. நீர் தரும் வெடிப்புகளில் பெரும்பாலானவை முதல் 300, 350 அடிக்குள் முடிந்துவிடும். அதற்குக் கீழே வெடிப்பே கிடையாது என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு நூறு அடிக்கும் வாய்ப்பு குறைகிறது, டீசல் செலவு குறைவதில்லை.

வெடிப்பு தொட்டி அல்ல, குழாய்

"நானூறு அடியில செம கேப்பு, தண்ணி பீச்சி அடிச்சுது, ஆறே மாசத்துல நின்னு போச்சு" என்பது இந்தப் பகுதியில் அடிக்கடி கேட்கும் புலம்பல். கேப்பு என்றால் பாறை வெடிப்பு. காரணம் சாமிக் குற்றம் அல்ல. 5 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு வெடிப்பு, 100 மீட்டர் நீளம், 100 மீட்டர் அகலத்துக்குப் பரவியிருக்கிறது என்று வையுங்கள். கெட்டிப் பாறையில் இதுவே பெரிய வெடிப்பு. அதன் மொத்தக் கொள்ளளவு 50 கன மீட்டர், அதாவது 50,000 லிட்டர். மணிக்கு 3,000 லிட்டர் எடுக்கும் மோட்டார் அதைப் பதினேழு மணி நேரத்தில் காலி செய்துவிடும். அப்படியும் ஆறு மாதம் ஓடியது என்றால், அந்த வெடிப்பு மேலே இருக்கும் சிதைந்த பாறையிலிருந்து நீரை இழுத்துக் கொடுத்திருக்கிறது. தொட்டி மேலே இருக்கிறது, வெடிப்பு அதிலிருந்து வரும் குழாய். மேலே வற்றினால் கீழே காற்று.

ஆழ்துளைக் கிணறு வந்தபின் ஊரின் திறந்த கிணறுகள் வறண்டதற்கும் இதுதான் காரணம். ஆழத்தில் மோட்டார் உறிஞ்ச உறிஞ்ச, வெடிப்பு வழியாக மேல் அடுக்கு வடிந்துபோகிறது. முதலில் பக்கத்துக் கிணறு, பிறகு அடுத்த கொல்லையின் போர். டோலரைட் சுவர் குறுக்கே இருந்தால் மட்டும் கதை மாறும். சுவருக்கு மேட்டுப்பக்கத்தில் நீர் தேங்கி நிற்கும், பள்ளத்துப் பக்கம் வறண்டு கிடக்கும். முப்பதடி தள்ளிப் போட்ட இரண்டு போர்களில் ஒன்று ஓடி, ஒன்று வறண்ட பாறைத் தூளைப் புகையாக விடுவதற்குப் பல நேரம் காரணமாக இப்படி ஒரு சுவரோ சரிவான வெடிப்போ இருக்கும்.

திறந்த கிணற்றை இன்று கேலியாகப் பார்க்கிறார்கள். கணக்கு வேறு சொல்கிறது. 30 அடிக்கு 30 அடி கிணற்றில் ஒரு அடித் தண்ணீர் என்பது 25,000 லிட்டருக்கும் மேல். சிதைந்த பாறையின் கசிவு மெதுவானது. மணிக்கு ஆயிரம், இரண்டாயிரம் லிட்டர்தான் வரும். கிணறு அதை ராத்திரி முழுக்கச் சேர்த்து வைத்துக் காலையில் கொடுக்கும். ஆறரை அங்குல போரில் ஒரு அடிக்கு நிற்பது 6.5 லிட்டர். 500 அடித் தண்ணீர் நின்றாலும் 3,250 லிட்டர்தான். மாடு பூட்டி நீர் இறைக்கும் கவலை ஓட்டிய காலத்தில் மாடு இழுக்கும் ஆழமே எல்லையாக இருந்ததால் தொட்டியின் அடிப்பகுதி எப்போதும் மிச்சமிருந்தது. அந்த எல்லையை மோட்டார் எடுத்துவிட்டது. கிணற்றுக்குள் நாலு திசையிலும் பக்கவாட்டு போர் போடுவது இந்த இரண்டுக்கும் நடுவழி. சிதைந்த பாறைக்கும் வெடிப்புப் பாறைக்கும் இடையிலுள்ள கசிவைத் தொட்டிக்குள் திருப்புகிற வேலை அது. மேல் அடுக்கில் இன்னும் ஈரம் இருக்கும் இடங்களில் புது ஆழ்துளையைவிட இதுவே நல்ல செலவு என்று தயங்காமல் சொல்லலாம்.

பார்ப்பதும் அளப்பதும்

வேப்பங்குச்சி, தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்கிறவர்கள் ஏன் சில சமயம் ஜெயிக்கிறார்கள்? நல்ல சிதைந்த பாறை உள்ள வயலில் எங்கே வெட்டினாலும் கொஞ்சம் தண்ணீர் வரும். தேங்காய் எழுந்து நின்ற இடத்திலும் வரும், விழுந்த இடத்திலும் வரும்.

முறையான வேலை வரைபடத்தில் தொடங்குகிறது. 1851-ல் தொடங்கிய இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் பாறை வரைபடங்கள் அதன் புகோஷ் இணையதளத்தில் கிடைக்கின்றன. எந்தப் பாறை எங்கே முடிகிறது, டோலரைட் சுவர் எந்தத் திசையில் ஓடுகிறது என்று அதில் பார்க்கலாம். இஸ்ரோவின் புவன் தளத்தில் செயற்கைக்கோள் படத்தில் தெரியும் நீள்கோடுகள் இருக்கும். ஓடையும் மரவரிசையும் பள்ளமும் மைல்கணக்கில் ஒரே நேர்கோட்டில் போனால், அடியில் பாறை உடைந்திருக்க வாய்ப்பு உண்டு. ஒரு கோடு மட்டும் போதாது. இரண்டு வெட்டிக்கொள்ளும் இடமும், அது பள்ளத்தில் அமைவதும் நல்ல அடையாளம். அந்தக் கோடு பழைய வண்டிப்பாதையாகவோ வாய்க்கால் கரையாகவோ இருந்து ஏமாற்றுவதும் உண்டு. நேரில் நடந்து பார்க்காமல் குறிக்கக் கூடாது.

அடுத்தது மின்தடை ஆய்வு. இரண்டு இரும்புக் கம்பிகளை வெளியே நட்டு மின்சாரம் செலுத்தி, நடுவில் நட்ட இரண்டு கம்பிகளுக்கிடையே மின்னழுத்தம் அளப்பார்கள். வெளிக்கம்பிகளைப் படிப்படியாக அகற்றினால் மின்சாரம் ஆழமாகப் போகும். ஒரு உதாரணம்: வெளிக்கம்பிகள் நடுப்புள்ளியிலிருந்து 50 மீட்டரில், உள்கம்பிகளுக்கு இடையே 10 மீட்டர். இந்த அமைப்புக்கான பெருக்கெண் ஏறக்குறைய 777. செலுத்தியது 200 மில்லி ஆம்பியர், அளந்தது 60 மில்லி வோல்ட். 60-ஐ 200-ஆல் வகுத்தால் 0.3, அதை 777-ஆல் பெருக்கினால் 233 ஓம்-மீட்டர் என்ற மின்தடை அளவு வரும். இப்படி இருபது புள்ளிகளாவது எடுத்து வரைந்தால் ஒரு வளைகோடு வரும். மேலே காய்ந்த மண் அதிகம் காட்டும், சிதைந்த ஈரப்பாறையில் கோடு தாழும், கெட்டிப் பாறையில் மறுபடி ஏறும். சிதைந்த பாறை 20 முதல் 100 ஓம்-மீட்டர், வெடிப்புப் பாறை 100 முதல் 300, கெட்டிப் பாறை ஆயிரத்தைத் தாண்டும் என்பது தோராயக் கணக்கு. 20-க்குக் கீழே போனால் களியா, உப்பு நீரா என்று சந்தேகப்பட வேண்டும்.

இதில் என்னென்ன தப்பும்? காய்ந்த மண்ணில் கம்பி சரியாகப் பிடிக்காது. உப்புத் தண்ணீர் ஊற்றி நட வேண்டும். முள்கம்பி வேலி, புதைத்த இரும்புக் குழாய், தலைக்கு மேல் போகும் மின்கம்பி எல்லாம் அளவைக் கெடுக்கும். பெரிய தப்பு வேறொன்று. இந்த முறை பார்க்கும் ஆழம், இருபக்கக் கம்பிகளின் மொத்த நீளத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். சதுரமான ஒரு ஏக்கரின் பக்கம் 64 மீட்டர். அந்த வயலைத் தாண்டாமல் கம்பி இழுத்தவர் 40 அடி ஆழம்வரை பார்த்திருப்பார். 130 அடி பார்க்க 200 மீட்டர் நேர்கோடு வேண்டும். பக்கத்து வயல்காரரிடம் கேட்டுத்தான் ஆகணும். அரை ஏக்கரில் பெட்டியை வைத்து "அறுநூறு அடியில் ரெண்டு ஊத்து" என்று எழுதிக் கொடுத்தால் அது ஆய்வு அல்ல, ஜோசியம். 300 அடியில் இருக்கும் விரற்கடை வெடிப்பு இந்தக் கருவிக்குத் தெரியவே தெரியாது. சிதைந்த பாறையின் கனத்தை அறிய இது நல்ல கருவி. அதை மட்டும் கேட்டால் ஏமாற்றமில்லை.

லாரி வந்த பிறகு

மேற்பகுதியை அகலமாகத் துளைத்து, மண் சரியாமல் காக்கும் 7 அங்குல பிவிசி கேசிங் குழாய் இறக்கி, பிறகு ஆறரை அங்குல பிட்டில், அதாவது துளைக்கும் முனையில், ஹேமர் அடித்துக்கொண்டு போவது வழக்கம். கேசிங் கெட்டிப் பாறையில் உட்கார வேண்டும். அடிக்கணக்கில் காசு என்பதால் இருபதடி மிச்சப்படுத்தி முரம்பிலேயே நிறுத்தினால், இரண்டு மழைக்குள் மண் சரிந்து மோட்டார் மாட்டிக்கொள்ளும். கேசிங்குக்கும் துளைக்கும் நடுவிலுள்ள இடைவெளியை மேலே பத்துப் பதினைந்து அடிக்காவது களியோ சிமெண்டோ போட்டு அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் தொழுவத்து நீரும் கழிப்பறை நீரும் அந்த வழியாகவே உள்ளே போகும்.

துளைக்கும்போது ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை அடியில் மண்ணின் நிறம் பழுப்பிலிருந்து சாம்பலுக்கு மாறியது, எங்கே புகை நின்று ஈரத்தூள் வந்தது, எங்கே ராடு சட்டென்று இறங்கியது என்று குறியுங்கள். சாம்பல் தூளுக்கு நடுவில் துருப்பிடித்த பழுப்புச் சில்லு வந்தால் அங்கே வெடிப்பு இருக்கிறது, நீர் ஓடியிருக்கிறது.

நீரின் அளவை வி-நாட்ச் வைத்துப் பார்ப்பார்கள். 90 பாகை வெட்டுள்ள தகட்டில் நீர் ஒரு அங்குலம் உயர்ந்து வழிந்தால் மணிக்கு 500 லிட்டர். இரண்டு அங்குலம் என்றால் 1,000 என்று நினைப்பீர்கள். இல்லை, ஏறக்குறைய 2,900 லிட்டர். மூன்று அங்குலம் 8,000-ஐ நெருங்கும். ஆகவே "ஒன்றரை இஞ்சா, ரெண்டு இஞ்சா" என்பது சில்லறை வித்தியாசமில்லை. தகடு மட்டமாக இருக்க வேண்டும், நீர் அமைதியாக வந்து சேர வேண்டும். வாளிக்குள் பீச்சியடிக்கும்போது கண்ணால் பார்த்துச் சொல்லும் இஞ்ச்சுக்கு மதிப்பில்லை.

இன்னொரு விஷயம் கவனியுங்கள். மேல் வெடிப்பின் நீரும் சேர்ந்தே வெளியே வரும். 200 அடியில் இரண்டு அங்குலம், 400 அடியிலும் இரண்டு அங்குலம் என்றால் நடுவில் துளைத்த 200 அடியில் எதுவும் கிடைக்கவில்லை என்று அர்த்தம். எத்தனை அடி வறண்டு போனால் நிறுத்துவது என்பதை லாரி வருவதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். ராத்திரி பதினோரு மணிக்கு, ஊரே சுற்றி நிற்கும்போது, "இன்னும் ஐம்பதடி பார்த்திடலாம்ணா" என்ற குரலுக்கு எதிராக யாராலும் நிதானமாக யோசிக்க முடியாது.

போட்ட அன்று கம்ப்ரசரில் வந்த தண்ணீரை நம்பி மோட்டார் வாங்குவதும் வீண்செலவு. தற்காலிக மோட்டார் இறக்கி, முதலில் மோட்டார் ஓடாதபோதுள்ள நிலை நீர்மட்டம் அளந்து, ஒரே வேகத்தில் எட்டு மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். 200 லிட்டர் டிரம் 50 விநாடியில் நிறைந்தால் விநாடிக்கு 4 லிட்டர். நீர்மட்டம் ஒரு இடத்தில் நின்றால் அந்த அளவு தாங்கும். இறங்கிக்கொண்டே போனால் துளைக்குள் தேங்கியதைத்தான் எடுக்கிறீர்கள். நிறுத்திய பிறகு மட்டம் எவ்வளவு நேரத்தில் திரும்புகிறது என்பதே உண்மையான மதிப்பெண். மே மாதம் செய்த சோதனைக்குத்தான் மதிப்பு. டிசம்பரில் எல்லா போரும் நல்ல போர்தான்.

பாலாற்று மணல்

இந்தக் கெட்டிப் பாறை நாட்டில் பெரிய விதிவிலக்கு பாலாறு. கர்நாடகத்தின் நந்தி மலைப்பக்கம் தொடங்கி, ஆந்திரம் தாண்டி, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியாகப் போய் வயலூரில் கடல் சேரும் 348 கிலோமீட்டர் ஆறு. வருஷத்தில் பெரும்பாலான நாள் மேலே காய்ந்து கிடக்கும். ஆனால் அதன் மணல் 16 சதவீத நீரைத் தாங்கும். ஒரு ஏக்கர் ஆற்றுப் பரப்பில் ஒரு அடி மணலில் ஏறக்குறைய 2 லட்சம் லிட்டர் நிற்கிறது. மணலில் சில அடி கீழே இறங்கிய நீரை வெயிலால் அவ்வளவாக எடுக்க முடியாது. அதனால்தான் ஆற்றை அணைகட்டித் தேக்காமல், மணலுக்குள் ஊற்றுக்கால்வாய் வெட்டி, மேட்டிலிருந்து கசியும் நீரைப் புவியீர்ப்பிலேயே வயலுக்கும் ஏரிக்கும் கொண்டுபோனார்கள்.

ஆற்றில் ஒரு அடி மணல் போனால் இந்தத் தொட்டியின் ஒரு அடி நிரந்தரமாகப் போகிறது. அதோடு நிற்பதில்லை. ஆற்றின் மட்டம் தாழ்ந்ததும், இரு கரைகளின் சிதைந்த பாறையில் நின்ற நீர் ஆற்றுப் பக்கம் வடிகிறது, கரையோரக் கிணறுகளின் மட்டமும் கூடவே இறங்குகிறது. ஊற்றுக்கால்வாயின் தலை அந்தரத்தில் தொங்கும். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டது போன்ற வெள்ளம் மறுபடி வந்தாலும், மணல் இல்லாத இடத்தில் நீர் ஓடிப்போகுமே தவிரத் தங்காது.

தண்ணீர் இருந்தும் குடிக்க முடியாதது

வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளின் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்த கதையை உச்ச நீதிமன்றத்தின் 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பே பதிவு செய்திருக்கிறது. கெடுத்தவரே விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் அழுத்தமாக இடம்பிடித்த வழக்குகளில் வேலூர் வழக்கு முக்கியமானது. நிலவியல் பக்கம் பார்த்தால், தோலைப் பதப்படுத்தப் போடும் சோற்றுப்பு நீரில் கரைந்து சிதைந்த பாறைக்குள் இறங்குகிறது. அதே நீரை இறைத்துப் பாய்ச்சினால் நீர் ஆவியாகும், உப்பு தங்கும், மறுபடி கீழே போகும். ஒவ்வொரு வறட்சியும் அதை இன்னும் கெட்டியாக்கும். கழிவு விடுவதை இன்றே நிறுத்தினாலும் உப்பு வெளியேறப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். உப்பு ஏறிய நீர் மின்தடையைக் குறைக்கும் என்பதால், ஆய்வு வளைகோட்டில் அது "நல்ல ஈரப்பாறை" என்று வேஷம் போடுவதும் உண்டு. டேனரி உள்ள ஊரில் மின்தடை ஆய்வு செய்தால் பக்கத்துக் கிணற்று நீரின் உப்பளவையும் கூடவே பார்க்க வேண்டும்.

திருப்பத்தூர் பக்கம் வேறு சிக்கல். தருமபுரி, கிருஷ்ணகிரியைப் போலவே அங்கும் பாறையிலிருந்தே ஃபுளோரைடு கரையலாம். கறுப்பு அபிரகமும் ஹார்ன்பிளெண்டும் அதைத் தருகின்றன. வெகுநாள் பாறைக்குள் நின்ற ஆழ நீரில் அது கூடும். ஆழமாகப் போவதில் இப்படியும் ஒரு விலை உண்டு. குடிநீருக்கான இந்தியத் தர அளவில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை. அதே அளவையில் மொத்தக் குரோமியம் 0.05-ஐத் தாண்டக் கூடாது. கரைந்த உப்பு 500-க்குள் நல்லது, 2,000 கடைசி எல்லை. கடையில் விற்கும் டிடிஎஸ் மீட்டர் மொத்த உப்பை மட்டும் காட்டும். 400 காட்டிய நீரில் ஃபுளோரைடு 3 இருக்கலாம், மீட்டருக்குத் தெரியாது. மோட்டாரைப் பத்து, பதினைந்து நிமிஷம் ஓடவிட்டு, புட்டியை அதே நீரில் அலசி, விளிம்புவரை நிரப்பி ஆய்வகத்துக்குக் கொடுப்பதே வழி.

வரவும் செலவும்

இந்தப் பக்கம் வருஷ மழை ஆயிரம் மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 950 என்று வைத்தால் ஒரு ஏக்கரில் விழுவது 38 லட்சம் லிட்டர். முன்சொன்ன வழிமுறையின்படி களி குறைந்த சிதைந்த நைஸில் இதில் 11 சதவீதம் கீழே இறங்கும், களி மிகுந்தால் 8, சார்னோக்கைட்டில் 5. அதாவது நைஸ் நிலத்தில் 4.2 லட்சம் லிட்டர், சார்னோக்கைட் நிலத்தில் 1.9 லட்சம். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஆளுக்கு 135 லிட்டர் வீதம் வருஷத்துக்கு 2.5 லட்சம் லிட்டர் போதும். ஒரு போகம் நெல்லுக்கு 1,200 மில்லிமீட்டர் என்று கொண்டால் ஏக்கருக்கு 48 லட்சம் லிட்டர். அதில் ஒரு பங்கு திரும்பக் கசியும் என்றாலும், ஒரு ஏக்கர் நெல்லைக் கிணற்றை மட்டும் நம்பி விளைவிக்கப் பத்து ஏக்கர் நிலத்தின் வரவு வேண்டியிருக்கும். நிலக்கடலை 500 மில்லிமீட்டரில் முடியும், 20 லட்சம் லிட்டர். கிணற்றுத் தண்ணீரில் நெல்லா, கடலையா என்பதை இந்தக் கணக்குப்படியே யோசிக்கலாம். ஏரிப்பாசனம் இருந்த ஊர்களில் நெல் நிலைத்ததற்குக் காரணம், ஏரி அந்தப் பத்து ஏக்கருக்கும் மேலான பரப்பின் மழையை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்ததுதான்.

தமிழ்நாட்டில் இந்த வரவு செலவை, பல கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பிரிவான பிர்கா வாரியாகக் கணக்கிடுகிறார்கள். செலவு வரவில் 70 சதவீதத்துக்குள் இருந்தால் பாதுகாப்பு, 70 முதல் 90 வரை ஓரளவு நெருக்கடி, 90 முதல் 100 வரை நெருக்கடி, நூறைத் தாண்டினால் மிகை நுகர்வு. உங்கள் பிர்கா எதில் இருக்கிறது என்று பார்த்த பிறகு போர் போடுவது நல்லது.

மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் செறிவூட்டலில் செய்யும் தப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: கூரையிலிருந்தோ வயலிலிருந்தோ வரும் கலங்கல் நீரை நேராகப் போர் குழாய்க்குள் விடுவது. சேறு வெடிப்பில் போய் அடைத்தால் அந்தப் போர் முடிந்தது. ஆயிரம் சதுர அடிக் கூரை வருஷத்துக்கு 70,000 லிட்டர் தரும். முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, கீழே உடைகல், நடுவில் சரளை, மேலே மணல் போட்ட குழி வழியாக அதை மேல் அடுக்குக்குள் இறக்கினால் போதும், தொட்டி அங்கேதான் இருக்கிறது. மேல் மணலை ஒவ்வொரு கோடையிலும் சுரண்டி மாற்ற வேண்டும். சாலை நீர், தொழுவ நீர், தொழிற்சாலைப் பக்கத்து ஓடைநீர் எதையும் உள்ளே விடக் கூடாது. ஓடையில் தடுப்பணை கட்டுவதானால் டோலரைட் சுவருக்கு மேட்டுப்பக்கம் கட்டுவது லாபம். பள்ளத்துப் பக்கம் கட்டினால் நீர் உங்கள் கிணற்றுக்கு வராமல் அடுத்த ஊருக்குப் போய்ச் சேரும்.

மத்திய நிலத்தடி நீர் வாரியம் தன் கண்காணிப்புக் கிணறுகளை ஜனவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் மாதங்களில் அளக்கிறது. அதே மாதங்களில், காலையில் மோட்டார் போடுவதற்கு முன், கயிற்றில் கல் கட்டி உங்கள் கிணற்று மட்டத்தையும் அளந்து எழுதுங்கள். எப்போதும் கிணற்று விளிம்பின் ஒரே புள்ளியிலிருந்து அளக்க வேண்டும்; அந்த இடத்தில் பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.